ஒரு வரியைத் திருத்த முழு பில்லையும் கொல்ல வேண்டுமா?

ஓசூரில் இருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர். அதே ஓசூரில் இருந்து கர்நாடகாவின் அத்திப்பள்ளிக்குப் பத்து கிலோமீட்டர் வந்தால் அதிகம். ஆனால் எட்டாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள கடைசல் சாமானை ஒரு டெம்போவில் ஏற்றிக் கிருஷ்ணகிரிக்கு அனுப்ப ஈ-வே பில் தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் கேட்பார்கள். அதே சாமானை பிளேட்டிங் போட அத்திப்பள்ளிக்கு அனுப்பினால் எட்டாயிரம் இல்லை, எண்ணூறு ரூபாய் என்றாலும் ஈ-வே பில் வேண்டும். ஒரு மாநிலத்தில் இருக்கும் முதலாளி இன்னொரு மாநிலத்தில் இருக்கும் ஜாப் வொர்க்காரருக்குச் சரக்கு அனுப்பினால், மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் பில் போடத்தான் வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 138.

இந்த ஒரு விதியின் எடை சென்னையில் உட்கார்ந்து படித்தால் தெரியாது. டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் ஓசூர். அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறைகள், அந்தப் பட்டறைகளுக்கு வேலை செய்து கொடுக்கும் இன்னும் சின்னப் பட்டறைகள்... இந்தச் சங்கிலி மாநில எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. காலையில் மூக்கண்டப்பள்ளியில் கடைந்த சாமான் மதியம் பொம்மசந்திராவில் ஹீட் ட்ரீட்மென்ட் ஆகி, சாயங்காலம் ஜிகனியில் கிரைண்டிங் ஆகி, ராத்திரி திரும்பவும் ஜூஜூவாடி தாண்டி வரும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சலான், ஒரு ஈ-வே பில். ஒவ்வொரு பில்லிலும் நாலைந்து வரிகள். ஆக, தட்டச்சுப் பிழைக்கு இந்தியாவிலேயே வாய்ப்பு அதிகமுள்ள இடங்களில் ஒன்று இந்த எல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

பிழை நடப்பது தப்பில்லை. அதைத் திருத்த விடாமல் ஒரு திரையை வடிவமைப்பதுதான் தப்பு. விஷயம் அவ்வளவுதான், ஆனால் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

எந்த பில்லை எடுத்தாலும் அதில் இரண்டு பகுதி உண்டு. மேலே தலை: யார் அனுப்புகிறார், யாருக்கு, எந்தத் தேதி, என்ன நம்பர். கீழே வரிகள்: என்ன சாமான், ஹெச்.எஸ்.என். குறியீடு என்ன, எத்தனை, எவ்வளவு ரூபாய். திரையில் பார்த்தால் எல்லாம் ஒரே பக்கம். கம்ப்யூட்டருக்குள் அது ஒன்றல்ல, இரண்டு பட்டியல். தலைகள் ஒரு பட்டியலில், வரிகள் இன்னொரு பட்டியலில். ஒவ்வொரு வரியும் தன் தலையின் நம்பரை முதுகில் கட்டிக் கொண்டு நிற்கும். தலையைத் திறந்தால் அதன் வரிகளையும் அங்கேயே காட்டி, அங்கேயே திருத்த விடுவதைத்தான் ப்ரோக்ராமர்கள் இன்லைன் எடிட்டிங் என்கிறார்கள். மளிகைக் கடை பில்லிங்கில் இருந்து ரேஷன் கார்டு வரை (குடும்பத் தலைவர் தலை, உறுப்பினர்கள் வரிகள்!) எல்லாம் இந்த ஏற்பாடுதான்.

இனி ஈ-வே பில். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 பிப்ரவரி 1 முதல் கட்டாயம் என்றார்கள். முதல் நாளே போர்ட்டல் படுத்துவிட, ஒத்திவைத்து ஏப்ரல் 1-ல் ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்குக்கு அதே ஆண்டு ஜூன் 2. ஃபாரத்தில் பார்ட் ஏ, பார்ட் பி என்று இரண்டு. பார்ட் ஏ-யில் மேலே சொன்ன தலையும் வரிகளும். பார்ட் பி-யில் வண்டி நம்பர்.

வண்டி நடுவழியில் பஞ்சர் ஆகி, வேறு வண்டியில் சரக்கை மாற்றினால் பார்ட் பி-யைப் புதுப்பிக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும். ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு காரணம் கேட்கும், வண்டி பழுதா, சரக்கு மாற்றமா என்று. பழைய நம்பரும் அழியாது, புதியது அதற்குக் கீழே சேரும். பிரமாதமான ஏற்பாடு.

ஆனால் பார்ட் ஏ-யில் மூன்றாவது வரியில் 500 என்பதற்குப் பதில் 5000 அடித்துவிட்டால்? திருத்த முடியாது. ஒரே வழி, முழு பில்லையும் ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுவது. அதுவும் பில் போட்ட 24 மணி நேரத்துக்குள். நடுவழியில் எந்த அதிகாரியாவது அந்த பில்லைச் சரிபார்த்திருந்தால் அந்த 24 மணி நேரமும் கிடையாது.

ஒரு உதாரணம். செகண்ட் ஷிப்ட் முடியும் நேரம். பட்டறை ஆபீசில் ஒருவர்தான் பாக்கி. ஐந்து வரி பில் போட்டு, வண்டியை அனுப்பிவிடுகிறார். வண்டி ஜூஜூவாடியைத் தாண்டும்போது மூன்றாவது வரியில் ஒரு சைபர் அதிகம் என்று கண்ணில் படுகிறது. இப்போது என்ன செய்வது? ஒரே டாக்குமென்ட் நம்பருக்கு இரண்டு ஈ-வே பில் உயிரோடு இருக்கப் போர்ட்டல் விடாது. அதனால் முதலில் பழையதைக் கொல்ல வேண்டும், பிறகுதான் புதியது பிறக்கும். அந்த இடைவெளியில் அந்த வண்டி ரோட்டில் பில் இல்லாமல் போய்க் கொண்டிருக்கிறது! நேர்மையாகத் திருத்தப் போகிறவர்தான் அந்தச் சில நிமிடம் சட்டப்படி குற்றவாளி. தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டவர் பத்து கிலோமீட்டரில் சரக்கை இறக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார். இப்படி ஒரு திரை மனிதர்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கும்?

மாட்டினால் என்ன ஆகும் என்பதும் சின்னக் கணக்கில்லை. சரக்கைப் பிடித்து வைப்பது சட்டப் பிரிவு 129. 2022 ஜனவரி 1 முதல், சரக்கின் சொந்தக்காரர் முன்வந்து கட்டுவதாக இருந்தால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. மூன்று லட்சம் ரூபாய் சரக்கு, 18 சதவீதம் வரி என்றால் வரி 54,000. அபராதம் 1,08,000. ஜாப் வொர்க் கூலியாக அந்த லோடுக்கு வருவது சில ஆயிரம்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதை அரசாங்கம் யோசிக்கவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2018 செப்டம்பர் 14-ல் ஒரு சுற்றறிக்கை (எண் 64) வந்தது. பெயரில் எழுத்துப்பிழை, பின்கோடு தவறு, டாக்குமென்ட் நம்பரில் ஒன்றிரண்டு இலக்கம் தவறு, வண்டி நம்பரில் ஒன்றிரண்டு எழுத்து தவறு, ஹெச்.எஸ்.என்.-ல் முதல் இரண்டு இலக்கமும் வரி விகிதமும் சரியாக இருந்து மற்றது தவறு... இப்படிப்பட்ட சின்னப் பிழைக்கெல்லாம் பிரிவு 129-ஐத் தூக்காதீர்கள், மத்திய வரியில் 500, மாநில வரியில் 500 (மாநிலம் விட்டுப் போனால் ஒரேயடியாக 1,000) மட்டும் வாங்கிக் கொள்ளுங்கள் என்றது. நல்ல சுற்றறிக்கைதான். ஆனால் யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். திரையில் ஒரு 'திருத்து' பட்டன் இருந்தால் தீர்ந்துவிடும் பிரச்சனைக்கு, ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் ஒரு திருத்தம்! அதுவும் அபராதம் கட்டிய பிறகும் போர்ட்டலில் அந்த வரி தவறாகவே நிற்கும். தவிர, எண்ணிக்கையில் ஒரு சைபர் கூடுவது அந்தப் பட்டியலில் இல்லை.

ஈ-இன்வாய்ஸ் வந்த பிறகு முடிச்சு இன்னும் இறுகியது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்பவர்களுக்கு என்று ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு வந்துவிட்டது. ஐந்து கோடி என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். இரும்பு வாங்கிக் கடைந்து விற்கும் பட்டறைக்கு நாலு சி.என்.சி. மெஷினும் ஒரு பெரிய ஆலை ஆர்டரும் இருந்தால் எட்டிவிடக்கூடிய தொகைதான் அது. ஈ-இன்வாய்ஸில் ஒவ்வொரு பில்லுக்கும் ஐ.ஆர்.என். என்று ஒரு நீளமான நம்பர் கிடைக்கும். விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, பில் வகை, பில் நம்பர் இவற்றை வைத்துக் கணக்கிட்டு வருவது அது. அதனால் ரத்து செய்த பில் நம்பரைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. இங்கேயும் வரியைத் திருத்த வழியில்லை, பாதி ரத்தும் கிடையாது, 24 மணி நேரத்துக்குள் முழு ரத்து மட்டும்தான். அந்த பில்லுக்கு ஒரு ஈ-வே பில் உயிரோடு இருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும், அப்போதுதான் ஐ.ஆர்.என். ரத்தாகும். அதாவது பிள்ளை இருக்கும்வரை தாயை அழிக்க முடியாது. டேட்டாபேஸ் ஆட்களுக்கு இது பழகிய விதி, நல்ல விதியும் கூட. கணக்காளருக்கோ ராத்திரி பத்து மணிக்கு ஒரு சிவப்பு எழுத்துப் பிழைச் செய்தி. எதனால் மறுக்கிறது, எதை முதலில் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தால் பிழைத்தார், இல்லாவிட்டால் ஆடிட்டருக்கு ஃபோன்.

இது அரசாங்கத் திரையின் வியாதி மட்டும் இல்லை. ஓசூர், பெங்களூரு வட்டாரத்தில் பட்டறைகளுக்கென்று சின்னச் சின்ன சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவர்கள் நிறைய. பி.ஹெச்.பி.-யில் எழுதுவார்கள், ஜாங்கோவில் எழுதுவார்கள். ஜாங்கோ அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து 2005-ல் வெளியே வந்த இலவச மென்பொருள். அதன் அட்மின் பக்கம் ரொம்பப் பிரபலம். சில வரிகள் எழுதினால் தலையும் வரிகளும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். காசு குறைவாகக் கொடுக்கும் பட்டறைக்கு அந்த அட்மின் பக்கத்தையே லேசாகச் சட்டை மாற்றிக் கொடுத்துவிடுவது வழக்கம். வம்பு வருவது அந்தச் சட்டையில்தான்.

திரையில் ஐந்து வரி தெரிகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் சில எண்களும் அந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். மொத்தம் எத்தனை வரி, அதில் ஏற்கெனவே இருந்தது எத்தனை, ஒவ்வொரு வரியின் சொந்த நம்பர் என்ன என்று. சேமி என்று அழுத்தியதும் சர்வர் இவற்றைத்தான் முதலில் பார்க்கும். பக்கத்தை அழகுபடுத்தியவர் இந்த மறைந்த எண்களை விட்டுவிட்டால் கதை கந்தல். மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் புது வரி சேர்த்திருந்தால், அந்த வரி திரையில் இருந்தது, சேமித்ததும் காணாமல் போனது. வரியின் சொந்த நம்பரைப் பக்கத்தில் வைக்க மறந்திருந்தால், 'கீழே உள்ள பிழையைத் திருத்தவும்' என்று மேலே ஒரு செய்தி மட்டும் வரும். கீழே எங்கே தேடினாலும் பிழை இருக்காது! ஏனென்றால் பிழை அந்தக் காட்டப்படாத கட்டத்தில் இருக்கிறது. ஜாங்கோ இல்லாமல் கையால் எழுதிய நிரல்களில் இன்னும் மோசம். நம்பர் இல்லாத வரியைப் புது வரி என்று எடுத்துக் கொண்டு ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு நகல் போட்டுவிடும், ஸ்டாக் இரட்டிப்பாகும்.

வரிகள் ரொம்ப நீண்டாலும் தொல்லை. ஜாங்கோ ஒரு தடவைக்கு 1000 கட்டங்களுக்கு மேல் வந்தால் ஏற்காது, யாராவது வேண்டுமென்றே குப்பை அனுப்பி சர்வரை முடக்கக் கூடாது என்பதற்காக வைத்த எல்லை. வரிக்குப் பத்துக் கட்டம் என்றால் நூறு வரிக்கு முன்பே சுவரில் முட்டும். மாதக் கடைசியில் எல்லா சலானையும் ஒரே பில்லாகப் போடுகிற பட்டறையில் மாதம் 30 தேதி மட்டும் சாஃப்ட்வேர் வேலை செய்யாமல் போவதன் ரகசியம் சில சமயம் இதுவாக இருக்கும். எல்லையை உயர்த்த ஒரு வரி போதும். ஆனால் காரணம் தெரியாதவர் 'சர்வர் ஸ்லோ சார்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எல்லையோர ஊருக்கென்றே ஒரு ஸ்பெஷல் கோளாறும் உண்டு. ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. அடுத்த பத்து பான் எண். இரண்டு பக்கமும் ஆலை வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்கு இரண்டு பதிவு இருக்கும். பெயர் ஒன்று, பான் ஒன்று, முன்னால் இருக்கும் இரண்டு இலக்கம் மட்டும் வேறு. சாஃப்ட்வேரில் வாடிக்கையாளர் பட்டியலை இறக்கினால் ஒரே பெயர் இரண்டு தடவை வரும். எது ஓசூர், எது பெங்களூரு? கண்ணை மூடிக் கொண்டு ஒன்றைத் தொட வேண்டியதுதான். தவறானதைத் தொட்டால் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் போக வேண்டியது ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒன்றாகப் போகும், அல்லது தலைகீழாக. அப்படிப் போனால் சரியான தலைப்பில் திரும்பக் கட்டிவிட்டு, தவறான தலைப்பில் கட்டியதை ரீஃபண்ட் கேட்க வேண்டும். வட்டி கேட்க மாட்டார்கள், அதுவரை சந்தோஷம். ஆனால் ஒரே வரியை இரண்டு தடவை கட்டுவதற்கான பணம் சின்னப் பட்டறையின் கையில் இருக்க வேண்டுமே? பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 33, 29 என்று காட்டுவதற்கு ஒரே ஒரு வரி நிரல் போதும். எழுதுகிறவருக்கு அது தோன்றாததற்குக் காரணம், அவர் எல்லையைத் தாண்டி சலான் போட்டதில்லை.

சரி, எதிர்த் தரப்பு என்ன சொல்லும்? பில் போட்டு வண்டி கிளம்பிய பிறகு வரிகளைத் திருத்த விட்டால் மோசடிக்குக் கதவைத் திறந்த மாதிரி ஆகிவிடும் என்பார்கள். நூறு பெட்டிக்கு பில் போட்டு ஆயிரம் ஏற்றிப் போகலாம், பிடிபடும்போது மொபைலில் ஆயிரம் என்று மாற்றிவிடலாம். ஒரே பில்லை வைத்து நாலு லோடு அடிக்கலாம். இந்த பயம் கற்பனை இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து எல்லையில் வணிகவரி செக்போஸ்ட்களை எடுத்த பிறகு, சரக்கோடு ஓடும் ஒரே காவல்காரன் இந்த பில்தான். அதை யார் வேண்டுமானாலும் அழித்து எழுதலாம் என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. எதிர்த் தரப்பு இங்கே பாதி சரி. அழித்து எழுதக் கூடாது என்பது சரி, அதனால் திருத்தவே கூடாது என்பது தவறு.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பி.காம். படிக்கிற யாருக்கும் தெரியும். பள்ளிக்கூடக் கணக்குப்பதிவியலிலேயே பிழைத் திருத்தம் என்று ஒரு பாடம் உண்டு. விடுபிழை, செய்பிழை, விதிப்பிழை, ஈடுசெய் பிழை என்று மனப்பாடம் செய்து, அனாமத்துக் கணக்கில் தலையை விட்டு மதிப்பெண் கோட்டை விடும் அதே பாடம்தான் :-) அதன் சாரம் இதுதான்: பேரேட்டில் தவறான தொகை இருந்தால் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. குறிப்பேட்டில் புதிதாக ஒரு திருத்தப் பதிவு எழுத வேண்டும், ஏன் எழுதுகிறோம் என்று கீழே ஒரு விளக்கமும் சேர்க்க வேண்டும். தவறும் இருக்கும், திருத்தமும் இருக்கும், இரண்டையும் கூட்டினால் சரியான தொகை வரும். மோசடி செய்கிறவன் பயப்படுவதும் இதற்குத்தான். கம்ப்யூட்டர் வருவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே, அழிக்காமல் திருத்துவது எப்படி என்ற கேள்விக்கு வணிகர்கள் விடை கண்டுபிடித்துவிட்டார்கள்.

அரசாங்கத்துக்கும் இது தெரியும் என்பதுதான் இதில் உச்சம். கம்பெனிகள் சட்டத்தின் கணக்கு விதிகளில் 2021-ல் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். இரண்டு தடவை தள்ளிப் போட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலானது. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தடம் வைக்க வேண்டும். எப்போது, என்ன மாற்றம் என்று எடிட் லாக் எழுத வேண்டும். அந்த வசதியை யாரும் நிறுத்தி வைக்க முடியாதபடி இருக்க வேண்டும். டேலி முதல் எல்லாரும் அதற்கேற்ப மாற்றினார்கள். அதாவது பிரைவேட் லிமிடெட் பட்டறையின் டேலியில் ஒரு வரியைத் திருத்தலாம், ஆனால் தடம் இருக்க வேண்டும் என்கிறது டெல்லி. அதே டெல்லி, தன் ஈ-வே பில் திரையில் அதே வரியைத் திருத்தக் கேட்டால், கூடாது, முழுதாகக் கொன்றுவிட்டு வா என்கிறது. தடம் வைப்பது பட்டறைக்குச் சாத்தியம், தேசத்தின் தகவல் மையத்துக்குச் சாத்தியமில்லையா?

நீதிமன்றங்களும் இந்த இடத்தில் ரொம்ப நாள் தடுமாறின. சன் டை கெம் என்ற நிறுவனத்தின் வழக்கு. மாநிலத்துக்குள் செய்த விற்பனையை ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில் தவறாக மாநிலம் விட்ட விற்பனை என்று காட்டிவிட்டார்கள். மேலே சொன்ன 33, 29 குழப்பத்துக்கு அண்ணன் தம்பி. அரசு அறிவித்த திருத்தப் படிவங்கள் நடைமுறைக்கே வராதபோது, அந்தப் படிவங்கள் இல்லாததன் தண்டனையை வியாபாரி மேல் போட முடியாது என்ற அடிப்படையில் 2020-ல் சென்னை உயர்நீதிமன்றம் திருத்த அனுமதித்தது. அடுத்த வருடமே காற்று திசை மாறியது. 2017 ஜூலை முதல் செப்டம்பர் வரை 923 கோடி ரூபாய் அதிகமாகக் கட்டிவிட்டோம், 3பி படிவத்தைத் திருத்த விடுங்கள் என்று பார்தி ஏர்டெல் கேட்ட வழக்கில், டெல்லி உயர்நீதிமன்றம் கொடுத்த அனுமதியை 2021 அக்டோபர் 28-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

பிறகு 2025 மார்ச்சில் அபர்டேர் டெக்னாலஜிஸ் வழக்கு. எழுத்துப்பிழை, கூட்டல் பிழை போன்றவற்றைத் திருத்திக் கொள்வது வியாபாரம் செய்யும் உரிமையில் இருந்தே வரும் உரிமை, மறுக்க நல்ல காரணம் வேண்டும், மென்பொருளில் வசதி இல்லை என்பது அப்படி ஒரு காரணம் ஆகாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. மென்பொருளை மாற்றி அமைத்துக் கொள்ளலாமே என்ற சாதாரணப் புத்திதான். ஆனால் அதைச் சொல்ல ஜி.எஸ்.டி. வந்து ஏழு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இடையில் போர்ட்டலும் கொஞ்சம் இறங்கி வந்தது. 2024 ஆகஸ்டில் ஜி.எஸ்.டி.ஆர்.-1ஏ வந்தது. மாதக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகும், அந்த மாதத்து 3பி போடுவதற்கு முன் ஒரு தடவை விட்டதைச் சேர்க்கலாம், தவறைத் திருத்தலாம். அதே அக்டோபரில் வந்த ஐ.எம்.எஸ்.-ல், விற்றவர் காட்டிய ஒவ்வொரு பில்லையும் வாங்கியவர் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒவ்வொரு பில்லாகக் கையாளும் யோசனை மாதக் கணக்கில் வந்துவிட்டது. தினசரி ரோட்டில் ஓடும் ஈ-வே பில்லுக்கு மட்டும் வரவில்லை.

அதற்கு ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பார்ட் பி-யில் வண்டி நம்பருக்குச் செய்ததைப் பார்ட் ஏ வரிகளுக்கும் செய்தால் போதும். மூன்றாவது வரி 5000 என்று அப்படியே நிற்கட்டும், அதன் கீழே 500 என்று ஒரு திருத்த வரி சேரட்டும். யார் சேர்த்தது, எத்தனை மணிக்கு, என்ன காரணம் என்று பக்கத்திலேயே. ரோட்டில் வண்டியை நிறுத்தும் அதிகாரியின் மொபைலில் இரண்டும் தெரியட்டும். வண்டியை நிறுத்திய நிமிடம் முதல் திருத்தக் கதவு மூடட்டும், அப்போது 'பிடிபட்டதும் மாற்றிவிடுவார்கள்' என்ற வாதமும் மூடிவிடும். சரிபார்த்த பில்லை ரத்து செய்ய முடியாது என்ற பூட்டு ஏற்கெனவே இருக்கிறது, அதையே இங்கும் மாட்டலாம். எண்ணிக்கையைக் கூட்டும் திருத்தத்துக்குக் கெடுபிடி அதிகம், குறைக்கும் திருத்தத்துக்குக் குறைவு என்று வைத்தாலும் சரி. அனுப்பியவர், பெறுபவர் ஜி.எஸ்.டி. எண்களை மட்டும் தொட விடாமல் பூட்டி வைக்கலாம். தலை மாறினால் அது வேறு பில், அதற்கு ரத்துதான் நியாயம்.

ஜாப் வொர்க் சரக்கில் இதன் பலன் இன்னும் ஒரு படி மேலே போகும். அனுப்பிய சாமான் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாக எடுத்துக் கொண்டு வரி கேட்பார்கள். அனுப்பியது எத்தனை, வந்தது எத்தனை என்று ஐ.டி.சி.-04 படிவத்தில் சலான் வாரியாகக் காட்ட வேண்டும். அங்கே 5000 போய் 500 மட்டும் திரும்பி வந்திருந்தால், மீதி 4500 எங்கே என்ற கேள்வி ஒரு வருடம் கழித்து வரும். போகவே போகாத 4500 பீஸ்! அன்றைக்கு ராத்திரி அந்த பில்லைப் போட்டவர் அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார். புதிதாக வந்தவர் பழைய சலான் கட்டையும் கேட் ரிஜிஸ்டரையும் எடுத்து வைத்துக் கொண்டு, ஒரு சைபரைத் தேடிக் கொண்டிருப்பார்.